துருவும் போர்வையும்

பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை கராஜுக்குள் நிறுத்தி வைத்திருப்பவருக்கு, அதன்மேல் எதைப் போர்த்துவது என்பது கடைக்காரரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் விஷயமாகத்தான் படும். பொலித்தீனா, ரெக்சினா, துணியா, என்ன விலை என்று விசாரித்து வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். மலைநாட்டு ஊர்களான ஹற்றனிலும் நுவரெலியாவிலும் அது அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறக்க 2025 ஆனது. இடையில் 2022இன் எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். இருக்கும் வண்டி கெட்டால் இன்னொன்று கிடைக்காது. நல்ல நிலையில் இருந்தாலும் ஓட்ட எண்ணெய் இல்லை. மூடிவைப்பதைத் தவிர வேறு வழியில்லாத காலம் அது. அதற்கு வெகு முன்பே துரை பங்களாக்களின் பின்புறக் கொட்டகைகளில் பி.எஸ்.ஏ., ட்ரையம்ப், நோர்ட்டன் போன்ற வெள்ளைக்காரர் காலத்து வண்டிகள் இப்படி நின்றதுண்டு. 1934இல் மகாகஸ்தோட்டை மோட்டார் மலையேற்றப் போட்டி தொடங்கிய ஊரல்லவா நுவரெலியா. பெரிய இயந்திரங்கள் மீதான பிரியம் அங்கே பழையது. இந்தப் பிரியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு பொருளை ஒருவர் மூடிவைக்கும் விதத்திலேயே அவர் அதை எப்படி உடைமையாகக் கொண்டிருக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது என்பதும், இறுக்கி மூடும் பற்று தான் பற்றிக்கொண்டதையே அரித்துவிடுகிறது என்பதும் என் வாதம். இதை மலைநாட்டுக் காற்றையும் இரும்பையும் வைத்தே நிறுவலாம்.

முதலில் காற்றைப் பார்ப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசை ஒட்டியது. தை, மாசியில் சில இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலை கருகும். ஹற்றன் அதைவிட 600 மீற்றர் அளவுக்குக் கீழே இருந்தாலும் தென்மேற்குப் பருவமழையை நேராக முகத்தில் வாங்கும் பக்கம். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 60 வீதத்தைத் தாண்டினாலே இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். இந்த ஊர்களில் அது ஆண்டின் பெரும்பகுதியில் 80 வீதத்துக்கு மேலேயே நிற்கும். ஆகவே கூரைக்குள் நிற்கும் வண்டிக்கு மழை பெரிய எதிரி அல்ல. எதிரி விடியற்காலையில் வருகிறது. இருநூறு கிலோ எடையுள்ள உலோகம் இரவு முழுவதும் குளிர்ந்து 10 பாகையில் நிற்கும். வெயில் ஏறியதும் காற்று சீக்கிரம் சூடாகும். இரும்பு சூடாக வெகுநேரம் பிடிக்கும். 18 பாகையில் 85 வீத ஈரப்பதத்தோடு காற்று உள்ளே வந்தால், 15 பாகைக்குக் கீழே இருக்கும் எந்த உலோகத்தின் மேலும் அதன் ஈரம் தண்ணீராகப் படியும். தகரக் கூரையின் அடிப்பக்கம் விடியற்காலையில் வேர்த்துச் சொட்டுவதும் இதனால்தான். சீமெந்துத் தரை கீழிருந்து ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு துளி மழை படாமலே வண்டி தினமும் நனைகிறது.

இப்போது அந்த வண்டியின்மேல் தடித்த பொலித்தீனை இழுத்துப் போர்த்தி, காற்று நுழையாமல் அடியில் கயிறு கட்டினால் என்ன ஆகும்? தரையிலிருந்து ஏறும் ஆவி உள்ளேயே தங்கும். பகலில் சூடாகி, இரவில் குளிர்ந்து, உறையின் உட்புறத்திலும் குரோமியத்தின் மேலும் துளியாகும். மறுநாள் அது காய்ந்துபோக வழி இருக்காது. சில வாரம் கழித்து உறையை நீக்கிப் பார்த்தால், பொலித்தீனின் மடிப்பு ஹேண்டிலில் ஒட்டிக் கிடந்த இடத்தில் மட்டும் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். துடைத்தால் நிறம் போகும், குழி போகாது. அலுமினியப் பாகங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இருக்கையின் தையலோரம் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஓடிவந்த சூட்டோடு போர்த்தியிருந்தால் புகைக்குழாயில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் வேறு. எலிக்கும் இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது. பக்கத்தில் இன்னொரு வண்டிமேல் பழைய பருத்தி விரிப்பு ஒன்றைச் சும்மா போட்டு வைத்திருந்தால், அதில் தூசி படிந்திருக்கும். ஆனால் இரவில் பட்ட ஈரம் பகலில் போயிருக்கும். துணியிலும் குறை உண்டு. கூரை ஒழுகினால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உலோகத்தோடு ஒட்டிக்கிடக்கும். அதனால் ஒழுகும் கொட்டகையில் முதல் செலவு கூரைக்குத்தான். கூரை நன்றாக இருந்தால் நீராவி ஊடுருவக்கூடிய, நெருக்கமாக நெய்த துணியுறை, தரையைத் தொடாமல் தளர்வாகத் தொங்கினால் போதும். மழையைத் தடுக்கும் திறனை வைத்து உறையைத் தேர்ந்தெடுப்பவர், ஏற்கெனவே கூரை செய்துகொண்டிருக்கும் வேலைக்கு இரண்டாவது முறை பணம் கொடுக்கிறார். கூரையால் செய்ய முடியாத வேலையை உறையும் செய்யவிடாமல் தடுத்துவிடுகிறார்.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கிட்டு, இது வெறும் பெளதிகம், இதில் சமயத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மலையகத்தில் அடுத்தடுத்து வாழும் சமயங்களில் மூன்று மனித மனத்தைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்ட பொருளே இந்த உலோக அரிப்புத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். இரும்பில் பிறந்த துரு அந்த இரும்பையே தின்பதைப்போல ஒருவனின் செயலே அவனைத் தின்னும் என்கிறது தம்மபதம். பூச்சியும் துருவும் அழிக்கும் இடத்தில் செல்வத்தைச் சேர்த்து வைக்காதீர்கள் என்று மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் சொல்லும் பழைய உவமை செம்பில் களிம்பு. வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்பு என்று இருக்கிறதோ அன்றே உடனிருப்பது. மூன்றும் ஒரே பொருளைப் பேசவில்லை. பெளத்தம் வினையைப் பேசுகிறது, கிறிஸ்தவம் சேமிப்பைப் பேசுகிறது, சைவம் உயிரோடு ஒட்டிய அறியாமையைப் பேசுகிறது. ஆனால் அழிவு வெளியே இருந்து படையெடுத்து வருவதல்ல, நாம் காப்பதாக நினைத்து அடைத்துவைத்த இடத்திலேயே அது வேலை செய்கிறது என்பதில் மூன்றும் நெருங்கி வருகின்றன. பொலித்தீனுக்குள் நடப்பதும் அதுவே.

அப்படியானால், அழியப்போகும் பொருளைக் காப்பதே வீண்வேலை என்று முடிவு கட்டுவோர் உண்டு. எல்லாம் நிலையாதது, ஒரு இயந்திரத்துக்குப் போர்வை தேடுவது பற்றின் உச்சம் என்பது அவர்கள் வாதம். கேட்க உயர்வாக இருக்கிறது. ஆனால் நிலையாமையை மிக ஆழமாகப் போதித்த புத்தரின் சங்கமே இப்படி நடந்துகொள்ளவில்லை. பிக்குகளின் ஒழுக்க நூலான விநயத்தில், பிச்சைப் பாத்திரத்தை ஈரத்தோடு எடுத்து வைக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. வைத்தால் பாத்திரம் கெட்டுப்போகும். அதற்காக நெடுநேரம் வெயிலில் போட்டு வைக்கவும் கூடாது, அதுவும் பாத்திரத்தைக் கெடுக்கும். சற்றே உலர்த்தி, பிறகு எடுத்து வைக்க வேண்டும். சொந்தமென்று சொல்ல விரல்விட்டு எண்ணக்கூடிய பொருள்களே கொண்ட ஒருவருக்கு, ஒரு பாத்திரத்தைக் காயவைக்கும் முறையை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லித்தர வேண்டிய தேவை என்ன? அந்தப் பாத்திரம் அவருடையதாக இருந்தாலும், அதை வாங்கித் தந்தது இன்னொருவரின் உழைப்பு. அதே நூலில் கோசம்பி மன்னன் உதேனன் புத்தரின் சீடரான ஆனந்தரிடம் கேட்ட கேள்வி இன்னும் நெருக்கமானது. ஐந்நூறு மேலாடைகளைத் தானமாகப் பெற்றுக்கொண்டீரே, இவ்வளவையும் என்ன செய்வீர் என்கிறான் அரசன். கிழிந்த ஆடை உடையவர்களுக்குப் பகிர்வோம் என்கிறார் ஆனந்தர். பழைய ஆடைகள்? விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தையுறையாகும். பழைய மெத்தையுறை தரைவிரிப்பாகும், அது மிதியடியாகும், அது தூசி துடைக்கும் துணியாகும், கடைசியில் நார்நாராக்கி மண்ணோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம் என்கிறார். ஒரு துணிக்கு இவ்வளவு ஆயுள் கண்ட மனிதரிடம் பற்று இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பற்றில்லாமை பொருளை அலட்சியம் செய்வதாக இருந்தால் இந்த உரையாடலே நடந்திருக்காது. பொருளை அமானிதமாக, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டதாகக் கருதச் சொல்லும் இஸ்லாமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

சைவம் இதை வேறொரு வழியில் அணுகுகிறது. என் வாதத்துக்கு மிகவும் பலம் தருவது அதுதான். இறைவன் செய்யும் தொழில்கள் ஐந்து என்கிறார்கள் சித்தாந்திகள்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மறைத்தல் ஏன் இந்தப் பட்டியலில் வருகிறது என்று யோசிக்க வேண்டும். உயிர் பக்குவப்படும் வரைக்கும் உண்மையை மறைத்து உலக அனுபவத்தில் செலுத்துவதும் கருணையே என்பது அவர்கள் விளக்கம். பக்குவம் வந்ததும் மறைத்து நின்ற அந்தச் சத்தியே அருட்சத்தியாக நின்று விளக்குகிறது. ஆகவே மூடுவதற்கு ஒரு நோக்கமும் ஒரு கெடுவும் இருக்கின்றன: திறப்பதற்காக மூடுவது. ஆணவமும் மறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குத் திறக்கும் எண்ணம் கிடையாது. உயிரைக் கெடுக்கும் மறைப்பும் உயிரை வளர்க்கும் மறைப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம், முடிவில்தான் வேறுபடுகின்றன. கோயில் நடைமுறையிலும் இதைக் காணலாம். அலங்காரம் நடக்கும்போது திரை போடுகிறார்கள், தீபாராதனைக்கு விலக்குகிறார்கள். இடப வாகனமும் குதிரை வாகனமும் மயில் வாகனமும் வாகனசாலையில் துணி போர்த்தி நிற்கின்றன, திருவிழாவுக்கு வெளியே வருகின்றன. மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் மாசி மகத்துக்கு வீதியில் உருள்வதற்காகவே மற்ற நாள்களில் கொட்டகையில் நிற்கின்றன. நவராத்திரியின் முடிவில் ஆயுத பூசைக்குத் தோட்டத்து வண்டிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடும்போதும், பூசை முடிந்ததும் அவற்றை ஓட்டத்தான் போகிறோம்.

இதற்கு வலுவான மறுப்பு கதிர்காமத்திலிருந்து வருகிறது. மலையகத்து மக்கள் நேர்த்தி வைத்துப் போகும் அந்தச் சந்நிதியில் மூலத்தானத்தின் திரை பக்தர்களுக்காக விலகுவதில்லை. முருகனின் உருவம் எழுதிய திரைக்கே வழிபாடு நடக்கிறது. மூடியது திறக்கவே என்றால், நாட்டில் இத்தனை சமயத்தவரும் கூடும் ஒரு தலத்தில் மூடியது மூடியபடியே இருப்பது எப்படி? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. திரைக்குப் பின்னால் இருப்பதை யாரும் தன்னுடையதென்று பார்த்து முடித்துவிடக் கூடாது என்பதற்கான மறைப்பு அது என்றே நான் புரிந்துகொள்கிறேன். உடைமைக்காரன் தன் பொருளை மற்றவர் கண்ணிலிருந்து மறைக்கிறான். அங்கேயோ உடைமை உணர்வே அண்டாதபடி திரை நிற்கிறது. அதோடு, ஆடித் திருவிழாவில் அந்தத் திரைக்குப் பின்னிருந்து பேழை ஒன்று துணி மூடிய நிலையிலேயே யானைமேல் ஏறி வள்ளியம்மன் சந்நிதி வரை போய் வருகிறது. பார்வைக்கு மறைவாக இருந்தாலும் அது அடைபட்டுக் கிடக்கவில்லை. நிற்கும் வண்டிக்கு இந்த நியாயத்தைக் கடன் வாங்க முடியாது.

இன்னொரு மறுப்பு பொறியாளருடையது. காற்று புகாத பையில் வண்டியை இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளையும் போட்டுவிட்டால் துருவே வராது. ஆகவே இறுக்கி மூடுவது தவறு என்ற வாதம் பொதுவிதி ஆகாது. உண்மைதான். தேயிலைத் தொழிற்சாலை இதை நன்றாக அறியும். பறித்த பச்சைக் கொழுந்தை அமுக்கிக் கட்டினால் சூடேறிச் சிவந்துபோகும் என்பதால் அதைக் காற்றாடப் பரப்பி வாட்டுகிறார்கள். அதே கொழுந்து உலர்ந்து ஈரம் மூன்று வீத அளவுக்கு இறங்கித் தூளான பிறகு, காற்று படாமல் பையில் அடைக்கிறார்கள். அடைப்பது சரியாவது, உள்ளே இருப்பது முற்றாக உலர்ந்த பின்னர்தான். வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர, ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, இடுக்குகளில் தங்கிய ஈரத்தைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, பிறகு பையில் இட வேண்டும். சிலிக்கா மணிகள் ஈரத்தைக் குடித்து நிறைந்தால் எடுத்துச் சூடாக்கித் திரும்ப வைக்க வேண்டும். அதாவது அந்தப் பை கவனிப்பிலிருந்து விடுதலை தரவில்லை. கவனிப்பு முன்கூட்டியும் தவறாமலும் நடக்க வேண்டும் என்கிறது. இறுக்கிக் கட்டிவிட்டு மறந்துபோகலாம் என்ற ஆசைக்குத்தான் இங்கே இடமில்லை. பற்று என்று சமயங்கள் சொல்வதன் உள்ளே இந்த ஆசைதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்: பொருள் எனக்கு வேண்டும், அதற்கு நான் தர வேண்டிய நேரம் மட்டும் வேண்டாம்.

கடைசி மறுப்பு மற்றவற்றைவிடக் கனமானது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயக்காம்பிராவில் ஒழுகும் தகரத்துக்குக் கீழே குடும்பங்கள் குளிரில் முடங்கும் ஊரில், கேட்பாரற்று நிற்கும் இரும்புக்கு எந்தப் போர்வை நல்லது என்று இவ்வளவு நேரம் சிந்திக்கலாமா? இதைக் கேட்கும்போது தமிழ் வாசகருக்குப் பேகன் நினைவுக்கு வருவான். மயில் குளிரில் நடுங்குகிறது என்று தன் போர்வையைக் கழற்றிக் கொடுத்த வள்ளல். உடுக்கவும் போர்க்கவும் தெரியாத உயிருக்குக் கொடுத்ததால் அதைக் கொடைமடம் என்று புகழ்ந்தார்கள். ஆனால் அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறிடம் தங்கியிருந்தான். அவளிடம் திரும்பிப் போகும்படி கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவனிடம் போய்க் கேட்டார்கள். பரிசில் வேண்டாம், அவள் துயரைத் தீர் என்பதே அவர்கள் கேட்டது. மயிலுக்குப் போர்த்தியதைப் புலவர்கள் குறை சொல்லவில்லை. அந்த இரக்கம் வீட்டு வாசலில் நின்றுவிட்டதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. மலையகத்தில் இந்த வாசல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தோட்டங்கள் தொழிலாளிக்குக் கம்பளி கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்தன. நனைந்தாலும் சூடு தரும் அந்தக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டுதான் பெண்கள் மலை ஏறினார்கள். இன்று இடுப்பில் படங்கு சுற்றி, தலைக்கும் முதுகுக்கும் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து எடுக்கிறார்கள். படங்கு மழையையும் செடியின் ஈரத்தையும் தடுக்கும்; உள்ளே வேர்வை ஊறி உடல் புழுங்கும்; மழை விட்டதும் அந்த ஈரமே குளிராக ஏறும். இரும்புக்குப் பொலித்தீன் செய்வதை, உணர்ச்சியுள்ள உடலுக்கும் அது செய்கிறது.

ஆகவே இயந்திரத்தைப் பற்றிய கவனம் மனிதரைப் பற்றிய கவனத்துக்கு எதிரி என்று நான் ஒப்பமாட்டேன். காற்று வேண்டும், உலர நேரம் வேண்டும், அடைத்தால் கெடும் என்பதை ஒரு வண்டியிடம் கற்றுக்கொண்டவருக்கு, அது லயத்துக்கும் பொருந்தும் என்பதைப் பார்க்காமலிருக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை. பழைய லயங்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியவை. பல அறைகளுக்கு முன்வாசல் ஒன்றே வழி, பின்னால் சாளரம் கிடையாது, அடுப்புப் புகையும் சுவர் ஈரமும் வெளியேற இடமில்லை. நெஞ்சுச் சளி அங்கே அழையாமலே வந்து தங்கிவிடும். பங்களாவின் கராஜுக்குக் காற்றுப்போக்கி வைத்த காலத்தில் இந்த அறைகளுக்குச் சாளரம் வைக்கவில்லை என்பது கவனக்குறைவால் நேர்ந்ததென்று என்னால் நம்ப முடியவில்லை. காற்றின் தேவை தெரிந்திருந்தது. யாருக்கு அது வேண்டும் என்பதில்தான் கணக்கு வேறாக இருந்தது.

வண்டி வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பு இது. கராஜின் கூரையை முதலில் பாருங்கள். வண்டியைக் கழுவிய ஈரத்தோடும் ஓடிய சூட்டோடும் மூடாதீர்கள். தரைக்கும் சக்கரத்துக்கும் இடையே பலகை போடுங்கள். நீராவி போகக்கூடிய துணியுறையைத் தளர்வாகப் போட்டு, வெயில் தெளிந்த நாளில் எடுத்து உதறி, வண்டியை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் இயக்கி நிறுத்தினால் புகைக்குழாயில் தண்ணீர்தான் மிஞ்சும். வருடக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால், ஓட்டுகிற ஒருவருக்கு விற்றுவிடுங்கள் அல்லது கொடுத்துவிடுங்கள். தோட்டங்களை நடத்துகிறவர்களிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. வெளிக்கள உத்தியோகத்தரின் வண்டிக்கு உறை வாங்கும்போது அதன் துணி மூச்சுவிடுமா என்று விசாரிப்பீர்கள். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மழையுடை வாங்கும்போதும் அதே கேள்வியைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அதன் விலையை அவர்கள் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.